எந்த வழியா வந்துச்சு

எங்கள் மேடம் மேல் எனக்கு எவ்வளவு மரியாதை இருந்ததோ அவ்வளவு எரிச்சலும் இருந்தது. இதைச் சொல்லிவிட்டுத் தொடங்குவதுதான் நியாயம். ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத கிருமிப் பரிசோதனைக் கூடத்துக்கு அவர் தலைமை டாக்டர். நான் அங்கே டெக்னீஷியன். காலையில் மர்பி டவுனிலிருந்து ஸ்கூட்டரில் போய் இறங்கினால் சாயங்காலம்வரை அவர் குரல்தான் காதில் விழும். அந்தக் குரல் ஒருநாளும் உயர்ந்ததில்லை. உயர்ந்திருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை பேசி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

என்ன தப்பு நடந்தாலும் அதை யார் செய்தது என்று அவர் கேட்கவே மாட்டார். எந்த வழியாக நடந்தது என்று மட்டும் கேட்பார். நாம் எல்லாரும் அப்படியா இருக்கிறோம்? பால் பொங்கி வழிந்தால் அடுப்படியில் யார் நின்றது என்றுதானே முதலில் கேட்போம். எங்கள் வீட்டில் கேஸ் தீர்ந்துபோனால்கூட அதற்கு ஒரு ஆள் பொறுப்பு. பெரும்பாலும் என் கணவர்.

ஒரு சமயம் கிருமி வளர்க்கும் தட்டுகளில் வரிசையாகப் பச்சைப் பூஞ்சை பிடித்துவிட்டது. ஒரு வாரத்து வேலை பாழ். புதிதாகச் சேர்ந்த பெண்தான் மூடியைத் திறந்து வைத்திருப்பாள் என்று எனக்கு நிச்சயம். அவளை நிற்க வைத்து வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தேன். மேடம் உள்ளே வந்தார், என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறி ஏசியின் வாயில் ஒரு டிஷ்யூ காகிதத்தைப் பிடித்தார். காகிதம் எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்தார். "இந்த வழியாத்தான் வருது" என்று இறங்கிவிட்டார். அந்தப் பெண் எனக்கு எதிரிலேயே சிரித்துவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சிவாஜிநகரில் பஸ் ஏறும்போது அவருடைய போனை யாரோ அடித்துவிட்டார்கள். புகார் கொடுக்க நான்தான் கூடப் போனேன். ஸ்டேஷனில் எழுதிக்கொண்டிருந்தவர், "யார மேலெ அனுமான மேடம்?" என்று கன்னடத்தில் கேட்டார். யார்மேல் சந்தேகம் என்று சொன்னால் அவருக்கும் எழுத ஏதாவது இருக்கும். இவரோ பையை மேஜைமேல் வைத்து, ஜிப்பு எந்த இடத்தில் தானாகத் திறந்துகொள்கிறது, படியில் காலை வைக்கும்போது பை எந்தப் பக்கம் சாய்கிறது என்று விளக்க ஆரம்பித்துவிட்டார். போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

இதில் இன்னொரு பக்கம் உண்டு. யார் கெடுத்தது என்று கேட்காதவர், யார் நன்றாகச் செய்தது என்றும் கேட்கமாட்டார். பாராட்டு என்று ஒரு வார்த்தை அவரிடமிருந்து வாங்கியவர் கிடையாது. அவருக்கும் கணவருக்கும் விவாகரத்து ஆகியிருந்தது. யார்மேல் தப்பு என்று ஒருமுறை ரத்த வங்கி அம்மாள் நேரடியாகவே கேட்டுவிட்டார். மேடம் கொஞ்சம் யோசித்துவிட்டு, பேச்சு எந்த இடத்தில் நின்றது என்று தேடிப் பார்த்ததாகவும் கண்டுபிடிக்க முடியவில்லை என்றும் சொன்னார். அதற்குப் பிறகு அவரைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயமாகவும் இருந்தது. இவருக்கு மனுஷர்களே கண்ணில் படமாட்டார்களோ என்று தோன்றும்.

இதெல்லாம் சில்லறை விஷயம். பச்சைக் குழந்தைகள் வார்டில் நடந்ததுதான் நிஜமான விஷயம்.

நீலசந்திராவிலிருந்து ஒரு பெண் ஏழாம் மாதத்திலேயே வலி எடுத்து வந்து சேர்ந்தாள். இரட்டைப் பெண் குழந்தைகள். கணவன் பொம்மசந்திராவில் ஒரு ஃபேக்டரியில் வேலை. ஷிப்டு முடிந்து யூனிஃபார்மோடு வந்து கண்ணாடிக்கு வெளியே நிற்பான். அவளுக்கு வயசு என்ன இருந்துவிடப்போகிறது, என் தங்கை மாதிரி இருந்தாள். ரத்த சாம்பிள் வாங்க நான் மேலே போகும்போதெல்லாம், "அக்கா, பெரியவ இன்னிக்கு கையப் புடிச்சா" என்று ஏதாவது ஒன்று சொல்லுவாள்.

அதற்கு முந்தின வாரமே அந்த வார்டில் வேறொரு குழந்தைக்கு ரத்தத்தில் கிருமி ஏறியிருந்தது. ஈ. கோலை. அந்தக் குழந்தையை அதன் வீட்டார் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பிறகு இரட்டையரில் பெரியவளுக்குக் காய்ச்சல். அவள் ரத்தத்தில் வளர்ந்தது கிளெப்சியெல்லா என்ற வேறு ஜாதிக் கிருமி. இப்படிப்பட்ட கிருமிகளுக்கு நம்பிக் கொடுக்கிற மருந்து மெரோபெனெம். அதைக் கொடுத்தார்கள். மருந்து கேட்கவில்லை. பெரியவள் போய்விட்டாள்.

குழந்தைகள் டாக்டர் நல்ல மனிதர். மைசூர்ப் பக்கத்துக்காரர், தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார். அன்று அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனால் கூட்டத்தில் அவர் சொன்னது, கிருமி இரண்டும் வேறு வேறு, அதனால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை, இரண்டுமே போதாத காலம் என்று. மேடம் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு கிருமியும் ஒரே மருந்துக்கூட்டத்தை ஒரே மாதிரி எதிர்த்து நிற்பதை அவர் தட்டுகளில் பார்த்திருந்தார்.

பெரியவள் போன மூன்றாம் நாள் மத்தியானம், காய்ச்சல் கண்டிருந்த சின்னவளுடைய ரத்த பாட்டிலை வைத்திருந்த மெஷின் கத்தியது. கிருமி வளர்கிறது என்று அர்த்தம். பெயர் கண்டுபிடிக்கிற இன்னொரு மெஷின் காட்டியது என்டரோபாக்டர். மூன்றாவது ஜாதி. நான் பெயரைச் சொன்னதும் மேடம் கோட்டைக்கூடக் கழற்றாமல் படியேறினார். லிஃப்டுக்கு நிற்கவில்லை. நானும் பின்னால் ஓடினேன்.

வார்டுக்கு வெளியே இருந்த சின்ன அறையில் அவர்கள் இரண்டு பேரும் நின்று பேசிக்கொண்டதை நான் மறக்கமாட்டேன். குழந்தைகள் டாக்டர் மெரோபெனெம் ஆரம்பிக்கலாம் என்றார். இது வேறு கிருமி, இதற்கு அந்த மருந்து கேட்கும், எதற்கும் நாளைக்குத் தட்டு முடிவு வந்துவிடும் என்றார். மேடம் கோலிஸ்டின் கொடுக்கச் சொன்னார், இப்போதே. அது கடைசி ஆயுதம். எல்லாம் கைவிட்டபிறகு எடுப்பது. பெரியவர்களுக்கே சிறுநீரகத்தை அடித்துவிடும். அந்தக் குழந்தையோ ஒரு தேங்காயின் எடைகூட இல்லாதது.

மேடம் கையுறைப் பெட்டியின்மேல் பேனாவால் ஒரு வளையம் போட்டார். "டாக்டர், கிருமிக்கு சொத்து அம்மாகிட்டேர்ந்து புள்ளைக்குன்னு மட்டும் போறதில்ல. இந்த மாதிரி குட்டி வளையம் ஒண்ணு தனியா வெச்சிருக்கும். மருந்தை ஏமாத்துற வித்தை அதுலதான் இருக்கு. பக்கத்துல இன்னொரு கிருமி ஒட்டுனா, டூப்ளிகேட் சாவி போடற மாதிரி நகல் எடுத்து குடுத்துடும். ஜாதி பாக்காது. நீங்க மூணு கிருமிப் பேர் சொல்றீங்க. எனக்கு ஒரே சாவி தெரியுது."

அந்த வளையத்தின் பெயர் பிளாஸ்மிட் என்று எனக்கும் தெரியும், பரீட்சைக்குப் படித்ததுதான். வளையத்துக்கு வளையம் தாவுகிற துண்டுகளும் உண்டு என்று படித்திருக்கிறேன். அது இரண்டு மாடி மேலே ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வந்து படுத்துக்கொள்ளும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

குழந்தைகள் டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். சாவி ஒன்றுதான் என்பது மேடத்தின் ஊகம்தானே, நிரூபணம் இல்லையே என்றார். இல்லை என்று மேடம் ஒத்துக்கொண்டார். அப்படியானால் கிட்னி போனால் யார் பொறுப்பு என்று அவர் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, பயந்துபோய்க் கேட்டார்.  மேடம், நாளைவரை காத்திருந்து தன் ஊகம் சரியாகிப்போனால் அதற்குள் குழந்தைக்கு என்ன ஆகும் என்று மட்டும் கேட்டார்.

கணவனைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். அவன் பாதிதான் கேட்டான். பெரியவளுக்குக் கொடுத்த அதே மருந்தா இது என்றான். இல்லை, வேறு என்றதும், "அப்ப குடுங்க" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அந்தப் பெண் கண்ணாடிக்கு உள்ளே நின்று எங்கள் வாய்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் தட்டை எடுத்தது நான். மருந்து தடவிய சின்னச் சின்ன வட்டக் காகிதங்களைக் கிருமியின்மேல் வைத்திருப்போம். மருந்துக்குக் கிருமி பயந்தால் காகிதத்தைச் சுற்றித் தெளிவாக ஒரு வெற்றிடம் விடும். மெரோபெனெம் காகிதத்தைச் சுற்றி வெற்றிடமே இல்லை. கிருமி காகிதத்தின் விளிம்புவரை வந்து ஏறியிருந்தது. மேடம் சொன்னது சரி. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. குழந்தைகள் டாக்டரே கீழே இறங்கிவந்து தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு மேடத்தின் கையைப் பிடித்து ஒருமுறை குலுக்கிவிட்டுப் போனார். அதற்குப் பிறகும் குழந்தைக்கு மூத்திரம் சரியாகப் போகிறதா என்று ஒவ்வொரு நாளும் செத்துப் பிழைத்தோம். டயாப்பரை எடை போட்டு சிஸ்டர் போனில் சொல்லுவாள். மேடம் "ம்" என்று வைத்துவிடுவார்.

அடுத்த வேலையாக மேடம் வார்டுக்குள் போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கவுனும் தொப்பியும் போட்டுக்கொண்டு, காலையிலிருந்து மத்தியானம்வரை, ஒருவரோடும் பேசாமல் கைகளையும் தண்ணீரையும் பார்த்தார்.  சிஸ்டர்கள் என்னிடம் வந்து, யாரைப் பிடிக்க உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்டார்கள். அவர் யாரையும் பிடிக்கமாட்டார் என்றேன். யாரும் நம்பவில்லை.

அவர் பார்த்தது இதுதான். பச்சைக் குழந்தைகள் குடிக்கும் பால் ஒரு ஸ்பூன்கூட இருக்காது. தாய்மார்கள் கிண்ணத்தில் பீய்ச்சித் தருவதில் குழாய் வழியாகக் கொடுத்தது போக மிச்சம் இருக்கும். அதைக் குப்பைக்கூடையில் கொட்டிவிடச் சொல்லுவார்கள் சிஸ்டர்கள். எந்தத் தாய் கொட்டுவாள்? தாய்ப்பாலைக் கால் படுகிற இடத்திலோ குப்பையிலோ போட்டால் பால் வற்றிவிடும், குழந்தைக்கு ஆகாது என்று எல்லா வீட்டிலும் சொல்லித்தான் அனுப்புகிறார்கள். ஓடுகிற தண்ணீரில் விடலாம், அது தோஷமில்லை. அதனால் கை கழுவுகிற வாஷ்பேசினில் குழாயைத் திறந்துவிட்டு, பாலை மெதுவாக ஊற்றி, ஈரவிரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போவார்கள். தமிழ்ப்பெண், கன்னடப்பெண், உருது பேசும் பெண், எல்லாருமே. சிஸ்டர்களும் ஊசியில் மிஞ்சிய ஆன்டிபயாடிக்கை அதே பேசினில்தான் பீய்ச்சினார்கள். பேசினுக்கு ஒட்டினாற்போல மருந்து கலக்கிற மேஜை.

நீளமான பஞ்சுக்குச்சியை அந்த ஓட்டைக்குள் விட்டு எடுத்தவள் நான். பழுப்பாக, வழவழவென்று, சொல்லவே அருவருப்பு. அடியிலிருக்கும் வளைந்த குழாயில் எல்லா ஜாதிக் கிருமியும் ஒன்றாகக் குடியிருந்தன. பால் அவற்றுக்குச் சாப்பாடு. மிச்ச மருந்து, சாவி இல்லாததைக் கொன்றுவிட்டு, சாவி இருப்பதை மட்டும் வளரவிட்டது. சாவி கைமாறிக்கொண்டே இருந்தது. குழாயை வேகமாகத் திறந்தால் தண்ணீர் ஓட்டையில் விழுந்து மேஜைவரை தெறிக்கும். மரபணுவை முழுசாக வாசிக்கிற இடத்துக்கு மேடம் எல்லாவற்றையும் அனுப்பியிருந்தார். மூன்று குழந்தைகளின் கிருமியிலும் குழாயின் கிருமியிலும் ஒரே வளையம் என்று பதில் வந்தது.

அன்றைக்கே பேசினைச் சுவரோடு பெயர்த்து எடுத்தார்கள். மீந்த பாலுக்கு மூடி போட்ட எவர்சில்வர் பாத்திரம் ஒன்றை மேடம் வைக்கச் சொன்னார். அதைத் தினமும் வளாகத்து நாவல் மரத்தடியில் யாரும் மிதிக்காத இடத்தில் ஊற்ற ஏற்பாடு. குப்பையில் கொட்டு என்றால் எந்தத் தாயும் கேட்கமாட்டாள் என்று அவருக்குப் புரிந்திருந்தது. நிர்வாகத்துக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. இரட்டையரின் அப்பா புகார் கொடுக்கப்போவதாகப் பேச்சு. கான்ட்ராக்டில் இருந்த ஒரு ஆயாவை நிறுத்திவிட்டு விஷயத்தை முடித்துவிடலாம் என்று மேனேஜர் பார்த்தார். பேசினைத்தான் நிறுத்தியாச்சே என்று மேடம் சொல்லிவிட்டார்.

இதற்கு நடுவில் யாரோ நல்ல எண்ணத்தில் வார்டு வாசலில் மூன்று மொழியில் ஒரு போர்டு மாட்டிவிட்டார்கள். தாய்ப்பாலை வாஷ்பேசினில் ஊற்றினால் கிருமி பெருகிக் குழந்தைகளுக்கு ஆபத்து, ஊற்றாதீர்கள் என்று. நான் மேலே போனபோது அந்தப் பெண் போர்டுக்கு எதிரில் நின்றிருந்தாள். கையில் கிண்ணம். நான் "என்னம்மா" என்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.  ஓடிவந்து மேடத்திடம் சொன்னேன். என்னைக் கூப்பிடாமலே தனியாகப் படியேறிப் போய்ப் போர்டைத் தன் கையாலேயே கழற்றினார். ஆனால் அவள் படித்தாகிவிட்டது.

மறுநாளிலிருந்து அவளுக்குப் பால் வரவில்லை. அப்படித்தான் சிஸ்டரிடம் சொன்னாளாம். மார் கல்லாகக் கட்டி ஜாக்கெட் நனைந்திருப்பதை நானே பார்த்தேன். வரவில்லை வரவில்லை என்றே சொன்னாள். சின்னவளுக்குப் பவுடர் பால் ஆரம்பித்தார்கள். எடை ஏறவில்லை. மேடம் போய் அவளோடு பேசிப் பார்த்தார், பால் மட்டும் காரணமில்லை என்று. அவள் தலையைக் குனிந்துகொண்டு, "பாப்பாவ தூக்கணும், போலாமா" என்று கேட்டாளாம். அதைச் சொன்னபோது மேடம் என்னைப் பார்க்காமல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்த வழி என்று கண்டுபிடித்தவருக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. எனக்கு அன்றைக்குத்தான் அவர்மேல் முதல்முதலாகப் பாவமாக இருந்தது.

ஒருவழியாகச் சின்னவளை வீட்டுக்கு அனுப்பும் நாள் வந்தது. காலையில் அவர்கள் மூன்று பேரும் கீழே, எங்கள் கூடத்துக்கு வெளியே இருந்த வராந்தாவுக்கு வந்துவிட்டார்கள். எல்லாம் தெரிந்த மேடம் கீழேதான் இருக்கிறார் என்று யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். சத்தம் கேட்டு மேடம் வெளியே வந்தார். நானும் வந்தேன்.

அவன் கும்பிட்டான். பிறகு, "யாரு மேடம் பண்ணது? பேரு மட்டும் சொல்லுங்க. நான் ஒண்ணும் பண்ணமாட்டேன். எம்புள்ள எதுல போச்சு, யாரால போச்சுன்னு எனக்குத் தெரியணும்" என்றான்.

அவள் அவனுக்குப் பின்னால் நின்றாள், டவலில் சுற்றிய குழந்தையோடு. மேடத்தின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வையை என்ன சொல்ல.  மேடம் வாயைத் திறந்தால் வழியைத்தான் சொல்லுவார், அவருக்கு வேறு ஒன்றும் தெரியாது, இந்த வழியில் அவள் கிண்ணமும் இருக்கிறது. சொல்லிவிடாதீர்கள் மேடம், மாதாவே, சொல்லவிடாதே என்று மனசுக்குள் அடித்துக்கொண்டேன்.

"நான்தான்பா" என்றார் மேடம்.

அவனுக்குப் புரியவில்லை. மேடம் மறுபடியும் சொன்னார். மருந்து கலக்குற மேஜைக்குப் பக்கத்துல கை கழுவுற தொட்டி இருக்கக்கூடாது. அந்த வார்டு கட்டும்போது வரைபடத்தைப் பாத்து சரின்னு சொன்னது நான். அங்கேர்ந்துதான் தண்ணி தெறிச்சது. வேற யாரும் இல்ல.

அது பொய்யில்லை. அந்த வரைபடத்தில் அவர் கையெழுத்து இருந்தது என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. ஆனால் பாலைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

அவன் பேச ஆரம்பித்தான். முதலில் மெதுவாக, பிறகு வராந்தா முழுக்கக் கேட்கும்படி. நீயெல்லாம் டாக்டரா, உனக்குப் புள்ள இருக்கா, உன் வயிறு எரியும்டி பாரு என்றான். நான் குறுக்கே போனேன். மேடம் என் தோளைப் பிடித்துப் பின்னால் நிறுத்தினார்.

அவள் குழந்தையை என் கையில் திணித்தாள். திணித்துவிட்டுக் குனிந்து மேடத்தின் காலைத் தொட்டாள். அவன் ஒரு நிமிஷம் திகைத்துப்போனான். "லூசாடி நீ? இவ காலையா தொடுற?" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தான். அவள் எழுந்திருக்கவில்லை. என் கையில் குழந்தை அழ ஆரம்பித்தது, எலிக்குஞ்சு மாதிரிக் குரல். அவள் ஜாக்கெட்டின் இரண்டு பக்கமும் ஈரம் பரவியது.

மேடம் குனிந்து அவளைத் தூக்கினார். "உன் பால்ல ஒண்ணும் இல்லம்மா. புள்ளைக்குப் பசிக்குது, குடு" என்றார். கூடத்துக்குள் யாரும் எதையும் வாயில் வைக்கக்கூடாது என்பதால் அவளைத் தன் சொந்த அறைக்குக் கூட்டிப்போய், நாற்காலியில் உட்காரவைத்து, என்னிடமிருந்து குழந்தையை வாங்கி மடியில் கொடுத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து கதவுக்கு முன்னால் நின்றார்.

அவன் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். சொல்லக் கூசுகிற வார்த்தையெல்லாம் சொன்னான். மேடம் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. உள்ளே குழந்தையின் அழுகை நின்றது.